தவநேசனின் ஒரிஜினல் வண்டி

கம்போங் ராஜாவில் தவநேசனைப் போல ஓர் உதவாக்கரையை நான் பார்த்ததில்லை. தொழிலாளர் சங்க வேலையில் எத்தனையோ பேரைப் பார்த்தவன் நான். முதலாளி வீட்டுக் காப்பிக்கு வாயை விற்றவனுக்கும் ஒரு காப்பி மிஞ்சியது. இவனுக்கு அதுவும் இல்லை.

எங்கள் மலையில் லேண்ட்ரோவர் என்றால் காய்கறி சுமக்கும் வண்டி. கதவு இருக்காது, கூரை இருக்காது. பழைய பெட்ரோல் எஞ்சினை இறக்கிவிட்டு ஏதாவது லாரியின் டீசல் எஞ்சினை வைத்து ஓட்டுவோம். தவநேசனின் அப்பா அப்படித்தான் ஓட்டினார். அவருக்குப் பிறகு மருமகள் மாரிக்கண்ணு ஓட்டினாள். குத்தகை மேட்டில் முட்டைக்கோஸ் போடுகிறவள் அவள்தான். புருஷன் வீட்டு முன்னால் உட்கார்ந்து ரேடியோ கேட்பான்.

ஸ்ட்ராபெரி தின்ன வந்த கோலாலம்பூர் பழைய வண்டி கிளப்காரன் ஒருவன் வண்டியைத் தட்டிப் பார்த்து, "ஒரிஜினலா இருந்தா இது ராஜா வண்டி அங்கிள்" என்றான். அவ்வளவுதான். கார் நிறுத்தும் கொட்டகை பட்டறை ஆனது. தவநேசன் டீசல் எஞ்சினைக் கழற்றிப் பக்கத்து மேட்டு ஆ கியோங்கிடம் தள்ளிவிட்டான். ஈப்போ பழைய இரும்புக் கடைகளில் அலைந்து பெட்ரோல் எஞ்சின் கொண்டுவந்தான். கூடை அடுக்கும் இரும்புப் பெட்டியை அறுத்துவிட்டு சீட்டு போட்டான். சேற்றுக்கான பெரிய பட்டன் டயரைக் கழற்றி, பார்க்க லட்சணமான டயர் மாட்டினான். கடைசியில் பச்சைப் பெயிண்ட். வேலை சுத்தம், அதை மறுக்க மாட்டேன். சுத்தமான முட்டாள்தனம்.

மழைக்காலம் வந்தது. மாரிக்கண்ணு கோஸ் வெட்டி மேட்டில் குவித்திருந்தாள். மொத்த வியாபாரியின் லாரி மத்தியானம் கீழ்ரோட்டுக்கு வரும், காத்திருக்காது. நனைந்து கிடந்தால் கோஸ் அழுகும். கோஸ் போனால் குத்தகை நிலமும் கைமாறும். நான் கூடை தூக்கப் போயிருந்தேன்.

"என்னாங்க, வண்டிய எடுங்க."

"ஞாயித்துக்கெழம கிளப்காரங்க வராங்க மாரி. சேறடிச்சா பெயிண்ட் போய்டும் லா."

"கோஸ் போனா?"

"கோஸ் அடுத்த போகம் வரும்."

"யோவ், அடுத்த போகம் போட நெலம் இருக்குமாய்யா?" என்றேன்.

"ஒரிஜினல்னா என்னான்னு ஒங்களுக்குத் தெரியாதுண்ணே."

"தெரியும். ஒன் பொண்டாட்டி கை காச்சுக் கெடக்கே, அது."

முறைத்துக்கொண்டே கிளம்பினான். சீட்டின்மேல் துண்டு விரித்துக்கொண்டு மேட்டுக்கு வண்டியை எடுத்தான். முதல் வளைவிலேயே டயர் வழுக்கியது, வண்டி ஓரத்து வாய்க்காலில் சாய்ந்தது. இறங்காமல் உள்ளேயே உட்கார்ந்திருந்தான்.

தன் காய்கறியை இறக்கிவிட்டு ஆ கியோங் வந்தான். மலையில் ஒரு வழக்கம் உண்டு. சிக்கிய வண்டியை இழுத்துவிட்டுத்தான் மறுவேலை. யாருக்கும் இதில் சலுகை இல்லை. அவன் ஒன்றும் கேட்காமல் கயிற்றை மாட்டினான். மாரிக்கண்ணு குனிந்து அதைக் கழற்றினாள்.

"மொதல்ல கோஸ், ஆ கியோங்."

"தங்கச்சி, ஒம் புருஷன் உள்ள இருக்கான்."

"இருக்கட்டும். அவரும் அழுகமாட்டாரு, வண்டியும் அழுகாது."

ஆ கியோங் என்னைப் பார்த்தான். நான் கூடையைத் தூக்கினேன். ஏற்றத்தில் அவன் வண்டி உறுமியது. மாரிக்கண்ணுவின் மாமனார் வாங்கிய அதே எஞ்சின். ஒவ்வொரு நடையிலும் பச்சைப் பெயிண்டின்மேல் சேற்றை வாரியடித்துக்கொண்டே போய் வந்தோம். லாரி வந்தபோது கடைசிக் கூடையும் கீழ்ரோட்டில் இருந்தது. அதற்குப் பிறகுதான் அவனை இழுத்தோம்.

ஞாயிற்றுக்கிழமை கிளப்காரர்கள் வந்தார்கள். தவநேசன் தண்ணீர்க் குழாயோடு நின்றான். ஒருவன் ஓடிவந்து தடுத்தான்.

"கழுவாதீங்க அங்கிள். சேத்தோட இருந்தாத்தான் ஒரிஜினல்."

சேற்றின்மேல் சாய்ந்து நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். அவனும் பல்லைக் காட்டினான். இன்றுவரை கழுவவில்லை, ஓட்டவும் இல்லை. மாரிக்கண்ணு இப்போது ஆ கியோங் வண்டியில் கூட்டு. காலையில் அவள்தான் ஓட்டுகிறாள்.