வெள்ளிமலை சார்ட்டில் என் பீட்சா

கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்திலிருந்து நடக்கிற தூரத்தில் நான்கு வருஷமாகப் பீட்சா கடை வைத்திருக்கிறேன். அதற்கு முன்பு சென்னையில் பதினோரு வருஷம் இதே வேலை. அவ்வப்போது கடைக்கு ஒரு நாள் லீவு விட்டு எங்காவது போய்வந்து இங்கே எழுதுவது வழக்கம். இதுவரை போனதெல்லாம் ஊர் பார்க்க. இந்த ஆடி மாதம் கல்வராயன் மலைக்குப் போனது மானத்தைக் காப்பாற்ற.

என் தங்கை செல்வி, வெள்ளிமலையைத் தாண்டி ஒரு சின்ன ஊரில் கிராம நர்ஸ். மாதத்தில் ஒரு சனிக்கிழமை தாய்மார்களை உட்காரவைத்துப் பிள்ளைகளின் சாப்பாட்டைப் பற்றிப் பேசுவாள். அதற்கென்று அவளே ஒரு சார்ட் செய்திருக்கிறாள். பச்சைக் கட்டத்தில் கொடுக்க வேண்டியவை, சிவப்புக் கட்டத்தில் கொடுக்கக் கூடாதவை. அதன் போட்டோவைப் பெருமையாக எனக்கு அனுப்பியிருந்தாள். சிவப்புக் கட்டத்தில் முதல் படமே பீட்சா. பெரிதாக்கிப் பார்த்தேன். குடைமிளகாயை நட்சத்திரம் போல அடுக்கி, நானே செய்து, நானே படம்பிடித்து, என் கடை நோட்டீஸில் போட்டது. கத்தரியால் வெட்டி ஒட்டியிருக்கிறாள்.

உடனே போன் போட்டேன். வேறு படம் கிடைக்கவில்லை, இதுதான் பளிச்சென்று இருந்தது என்றாள். எடுத்துவிடு என்றேன். மாட்டேன் என்று சொல்லாமல் ஒரு நிபந்தனை போட்டாள். நான் மேலே வந்து அந்தத் தாய்மார்கள் எதிரில் ஒரு பீட்சா செய்ய வேண்டும். மைதா கூடாது, மலையில் விளைந்த தானியத்தின் மாவுதான். சீஸ் மட்டும் கீழேயிருந்து கொண்டு வரலாம். பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம் என்று அவளுக்குத் தோன்றினால் படத்தை எடுத்துவிடுவாள். கடை திறந்த நாள் முதல் என் பீட்சாவில் ஒரு துண்டைக்கூட வாயில் வைக்காதவள் அவள். எனக்கு அதுதான் படத்தைவிடப் பெரிய வலி.

பீட்சா என்றால் ஜங்க் ஃபுட் என்று சொல்லாத ஆளை நான் கள்ளக்குறிச்சியில் பார்த்ததில்லை. ராத்திரி நாலு பரோட்டாவைச் சால்னாவில் ஊறவைத்துச் சாப்பிடுகிறவரும் அதையேதான் சொல்கிறார். பரோட்டாவும் மைதாதானே என்று கேட்டால், அது நம்ம ஊர் சாப்பாடு என்கிறார். ரொட்டி, தக்காளித் தொக்கு, பால்கட்டி. இந்த மூன்றையும் தனித்தனியாக வைத்தால் ஒருவரும் குறை சொல்வதில்லை. ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து அடுப்பில் விட்டால் குற்றமாகிவிடுகிறது.

சனிக்கிழமை காலை 6:40 பேருந்து. டிக்கெட் நாற்பது ரூபாய், என் தெர்மாகோல் பெட்டிக்கு லக்கேஜ் இருபது. உள்ளே இரண்டு கிலோ சீஸும் ஐஸும். நடத்துநர் பெட்டியைப் பார்த்துவிட்டு, "இன்னாங்க, மீனா?" என்றார். சீஸ் என்றேன். "பீட்சாவுக்குப் போடுவாங்களே, அதுவா? உடம்புக்கு ரொம்பக் கெடுதியாமே" என்றார். அவர் கையில் இருந்த போண்டாவின் எண்ணெய் காகிதத்தைத் தாண்டி டிக்கெட் கட்டின்மேல் இறங்கிக்கொண்டிருந்தது. நான் சில்லறையை வாங்கிக்கொண்டேன்.

கச்சிராயபாளையம் வரை இரண்டு பக்கமும் கரும்பும் நெல்லும். அதற்குப் பிறகுதான் மலைப்பாதை. வளைவுக்கு வளைவு காற்றின் குளிர்ச்சி கூடிக்கொண்டே போகிறது. வாந்தி வருகிறவர்கள் ஜன்னல் ஓரம் பிடியுங்கள், முன்பக்கம் உட்காருங்கள். 8:25க்கு வெள்ளிமலை. அங்கே டீ பன்னிரண்டு ரூபாய். அங்கிருந்து செல்வியின் ஊர் ஏழு கிலோமீட்டர், ஷேர் ஜீப்பில் தலைக்கு முப்பது ரூபாய். ஆள் நிறைந்தால்தான் எடுப்பார்கள். நான் முக்கால் மணி நேரம் காத்திருந்தேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது துணை சுகாதார நிலையத்தின் முன்னால் பதினெட்டுப் பெண்களும் அதற்கு மேல் பிள்ளைகளும் உட்கார்ந்திருந்தார்கள். சுவரில் சார்ட். என் நட்சத்திரப் பீட்சா காலை வெயிலில் மின்னியது. செல்வி கேழ்வரகு மாவையும் தக்காளியையும் முருங்கைக் கீரையையும் எடுத்துவைத்திருந்தாள். மூன்று கல் அடுப்பு, தோசைக்கல், மூடுவதற்கு ஓர் இரும்புச் சட்டி. எங்கள் கடை அடுப்பைவிட அது ஒன்றும் மட்டமில்லை.

இங்கேதான் நான் செய்த முட்டாள்தனத்தைச் சொல்ல வேண்டும். பதினைந்து வருஷம் மைதாவில் பழகிய கை. கேழ்வரகு மாவில் பச்சைத் தண்ணீர் விட்டுப் பிசைந்து, ஒரு மணி நேரம் மூடிவைத்தேன். பிறகு எல்லாரும் பார்க்கட்டும் என்று, கடையில் செய்வதுபோல உருண்டையைத் தட்டி விரித்து மேலே சுழற்றி வீசினேன். மைதா என்றால் துணிபோல விரிந்து கைக்கே திரும்பி வரும். இது மேலே போனது ஒன்றாக, கீழே வந்தது எட்டாக. கடைசித் துண்டு என் தோளில் விழுந்தது. கோழிகள் ஓடி வந்தன.

பிள்ளைகள் கைதட்டிச் சிரித்தார்கள். செல்வி சிரிக்கவில்லை. "கோழிங்க சாப்புடுது பாரு. அதுங்களுக்கு நல்லதுதான்" என்றாள்.

இடுப்பில் குழந்தையோடு முன்வரிசையில் இருந்த சின்னப்பொண்ணு என்ற பெண் எழுந்து வந்தார். என்னைவிட ஐந்தாறு வயது சின்னவராக இருக்கும். மீதி மாவைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இன்னாங்கண்ணா, பச்சத் தண்ணியில பெசஞ்சா இது எப்பிடி நிக்கும்? வெந்நி ஊத்துங்க. வீசறதெல்லாம் இதுக்கு ஆவாது, தட்டிக்கினே போவணும்" என்றார்.

கேழ்வரகு அடை தட்டுகிற எந்த வீட்டுப் பெண்ணுக்கும் தெரிந்த விஷயம். பீட்சா என்ற பேர் என் கண்ணை மறைத்துவிட்டது. புது மாவில் கொதிக்கும் தண்ணீரை ஊற்றிக் கரண்டியால் கிளறி, சூடு பொறுக்கிறபோது பிசைந்தோம். அவர் வாழையிலையில் ஈரக்கையால் தட்டித் தந்தார். கல்லில் கவிழ்த்து, ஒரு பக்கம் வெந்ததும் திருப்பி, தக்காளித் தொக்கைத் தடவி, வெங்காயமும் முருங்கைக் கீரையும் தூவி, சீஸ் போட்டு, சட்டியால் மூடி, மேலே தணல் அள்ளிப்போட்டேன். ஆறு நிமிஷம். சீஸ் எவ்வளவு வேண்டும் என்று எனக்குத் தெரியும், அதில் யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டாம். மூடியைத் திறந்ததும் வந்த வாசத்தில் பிள்ளைகள் அடுப்பைச் சுற்றிக் கூடிவிட்டார்கள். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வெட்டினேன்.

செல்வி ஒரு துண்டை எடுத்தாள். மெதுவாக மென்றாள். இரண்டாவது துண்டுக்கு அவள் கை நீண்டதும் படத்தைக் கிழி என்றேன்.

"இரு. ஒண்ணு கேக்கறேன், இவங்க எதிர்ல நெசத்தச் சொல்லு. உன் கடையில விக்கிறியே அந்தப் பீட்சா, உன் பொண்ணுக்கு எத்தினி நாளைக்கு ஒரு வாட்டி குடுக்கற?"

என் மகளுக்கு ஏழு வயது. கடையில்தான் வந்து வீட்டுப்பாடம் எழுதுவாள். தினமும் கேட்பாள். நானும் தினமும் இல்லையென்பேன். வாரம் ஒன்று என்று சொல்லியிருந்தால் யாருக்குத் தெரியப்போகிறது? ஆனால் என் எதிரில் பதினெட்டுத் தாய்மார்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

"மாசத்துக்கு ஒரு தடவ" என்றேன்.

சின்னப்பொண்ணுதான் முதலில் சிரித்தார். செல்வி எழுந்து போய், என் படத்தின் மூலையில் நகத்தைக் கொடுத்துக் கிழியாமல் உரித்தாள். பச்சையிலும் ஒட்டவில்லை, சிவப்பிலும் ஒட்டவில்லை. நடுக்கோட்டின்மேல் ஒட்டி, கீழே பேனாவால் எழுதினாள்: மாதம் ஒரு தடவை. கேழ்வரகு அடைமேல் கீரை தூவி நான் செய்த புதுப் பீட்சாவை வாரம் ஒரு தடவை கொடுக்கலாம் என்று அந்தப் பெண்களிடம் சொன்னாள். மீதியிருந்த சீஸை முழுசாகத் தன்னிடமே வைத்துக்கொண்டாள்.

எனக்குத் தோற்றதாகத் தோன்றவில்லை. பெருமையாக இருந்தது, அதை மறைக்கவும் இல்லை. பீட்சா விஷமில்லை. தினமும் டபுள் சீஸும் கூடவே இலவசக் கூல்ட்ரிங்ஸும் கொடுத்து அதன் பேரைக் கெடுத்தது எங்களைப் போன்ற கடைக்காரர்கள்தான். டபுள் சீஸுக்குக் கூல்ட்ரிங்ஸ் இலவசம் என்று எழுதிய பலகை என் கடையிலும் இருந்தது.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். வெள்ளிமலையிலிருந்து நான் திரும்பிய கடைசிப் பேருந்து மாலை 5:10, நேரத்தைக் காலையிலேயே நடத்துநரிடம் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். சொந்த வண்டி என்றால் பெட்ரோலைக் கீழேயே நிரப்புங்கள். மேலே செல்போன் சிக்னல் வரும், போகும். தேனும் சாமையும் வாங்கி வாருங்கள், பேரம் பேசாதீர்கள். வழியில் அருவியில் இறங்குவதாக இருந்தால் பாறை வழுக்கும், செருப்பைக் கழற்றிவிட்டு இறங்குங்கள். கேழ்வரகு மாவை வீசாதீர்கள்.

மலையிலிருந்து இறங்கி வந்த மறுநாளே டபுள் சீஸ் பலகையைக் கழற்றிவிட்டு வேறொன்று மாட்டினேன். எந்தக் கடைக்காரனாவது வியாபாரத்தைத் தானே கெடுத்துக்கொள்வானா என்று என் மனைவி இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறாள். பலகை அப்படியே இருக்கிறது. அதில் எழுதியிருப்பது இவ்வளவுதான்: "என் மகளுக்கு மாதம் ஒரு தடவை கொடுக்கிறேன். உங்கள் பிள்ளையையும் மாதம் ஒரு தடவை அழைத்து வாருங்கள்."