வாடகை தராத படிக்கட்டு

என் மாமனார் ராயபுரத்தில் மூன்று மாடிக் கட்டிடம் எழுப்பினார். கீழே எங்கள் மிளகாய் மண்டி, முதல் மாடியில் நாங்கள், அதற்கு மேலே துறைமுகத்து ஆட்கள் குடித்தனம். அவ்வளவு உயரம் என்றால் நெருப்புப் பிடித்தால் இறங்கப் பின்பக்கம் இன்னொரு படி கட்டாயம் என்று கார்ப்பரேஷன்காரர்கள் புது விதியைக் காட்டினார்கள். அதனால் ஒவ்வொரு மாடியிலும் ஓர் அறை போயிற்று.

"படிக்கட்டு வாடகை குடுக்குமா, தாயி?" என்று என்னிடம் புலம்பினார். நான்காவது மாடி ஆசையையும் விட்டார். உயர உயர விதியும் ஏறும், கட்டுப்படியாகாது.

அனுமதி கிடைத்த கையோடு அந்தப் படியெல்லாம் வற்றல் மூட்டை ஏறியது. தெற்கேயிருந்து வந்த எங்கள் ஊர்க்காரர்களுக்குச் சும்மா கிடக்கும் இடத்தைப் பார்த்தால் தூக்கம் வராது.

அதற்குப் பிறகுதான் அந்த இருமல். பின்படியின் பூட்டிய கதவுக்கு உள்ளிருந்து பட்டப்பகலில் வரும். இரண்டு சின்ன இருமல், பிறகு மூச்சை இழுக்கும் நீண்ட சத்தம். மேல்மாடிக் குடித்தனக்காரி ஒருநாள் என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னாம்மா, பூட்டின படில எவனோ இருமிக்கினு கீறான்! சொன்னா என் வூட்டுக்காரு சிரிக்கிறாரு."

நானும் கேட்டிருந்தேன். மாமனாரிடம் சொன்னேன். "மிளகா நெடிக்கு எலி தும்முது" என்றார். எலிக்கு ஏது அத்தனை பெரிய நெஞ்சு! மூட்டைகளை எடுங்கள் என்று சண்டையே போட்டேன். அவர் கேட்டால்தானே.

ஒரு மத்தியானம் முன்படியின் அடியில் கிடந்த சாக்குக் குவியலில் தீப்பிடித்தது. யாரோ போட்ட பீடி. மாடியில் மற்ற ஆண்கள் வேலைக்குப் போயிருந்தார்கள். நானும், மேலிருந்து ஓடிவந்த குடித்தனக்காரியும், தூக்கத்திலிருந்து எழுந்த மாமனாரும் பின்கதவுக்கு ஓடினோம். அவர் பூட்டைத் திறந்தார். கதவு உயரத்துக்கு மூட்டை.

"நான் தள்ளிட்டுப் போறேன். முந்தானைய நனைச்சு மூக்குல கட்டிக்கிட்டுப் பின்னாலயே வா, தாயி."

மூட்டைகள் உருண்டன, கிழிந்தன. இருட்டு, புகை, காரத் தூசி. கண்ணைத் திறக்க முடியாமல், முன்னால் அவர் இருமுவதைக் கேட்டே இறங்கினேன். இரண்டு சின்ன இருமல், ஒரு நீண்ட இழுப்பு. பூட்டிய கதவுக்குள் நாங்கள் கேட்ட அதே இருமல். பின்னாலிருந்து குடித்தனக்காரி என் தோளை இறுகப் பிடித்தாள். அவளும் கண்டுகொண்டாள்.

கடைசிப் படியில் அவர் உட்கார்ந்துவிட்டார். அவரைத் தாண்டித்தான் நாங்கள் வெளியே வந்து விழுந்தோம். மண்டி ஆட்கள் அவரைத் தூக்கி வந்தபோது உயிர் இல்லை. கடைசியில் அவருடைய படிதான் எங்களைக் காப்பாற்றியது என்று நினைத்தால் இன்றும் அழுகை வருகிறது.

காரியம் முடிந்து படியைக் கழுவிவிட்டோம். என் கணவர் திறந்த கதவருகே நின்று மேலும் கீழும் பார்த்தார்.

"சும்மாத்தான கெடக்கு. புளி மூட்டையாவது..."

பாதியில் நிறுத்தினார். காலிப் படியிலிருந்து இரண்டு சின்ன இருமல், பிறகு ஒரு நீண்ட இழுப்பு. எனக்கு அது பழகிய சத்தம். அவர் அன்றுதான் முதல் தடவையாகக் கேட்டார்.