கடைசித் தாளில் இருந்த கையெழுத்து

ஏற்காட்டில் பழைய புத்தகங்களும், தலைவர்களும் ராணுவ அதிகாரிகளும் கையெழுத்திட்ட பொருட்களும் வாங்கி விற்கிறேன். இருபது வருடத்துக்கு மேலாகிறது. நான் செய்த தவறுகளில் ஒன்றை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

ஏரிப் பக்கம் குடியிருந்த ரிட்டயர்டு கர்னல் ஒருவர் இறந்ததும், அவர் மகன் புத்தகங்களை மொத்தமாக என்னிடம் கொடுத்தார். அதில் அவருடைய பட்டாலியனின் வரலாறும் இருந்தது. முதல் தாளில் ஒரு ஜெனரலின் கையெழுத்து. கடைசித் தாளில், கர்னல் மாற்றலாகிப் போன நாளில் ஜவான்கள் போட்டுக்கொடுத்த கையெழுத்துகள்.

பெங்களூரில் ஒரு சேகரிப்பாளருக்குப் போன் போட்டு, புத்தகம் எந்த நிலையில் இருக்கிறது என்று சொன்னேன். “ஜெனரல் கையெழுத்து பளிச்சுன்னு இருக்குங்க. பின்னாடிதான் கொஞ்சம் கிறுக்கல்.” சனிக்கிழமை வந்து எடுத்துக்கொள்வதாகச் சொன்னார்.

வெள்ளிக்கிழமை, மாரமங்கலம் கிராமத்து ஸ்டெல்லா மகளுக்குப் பிளஸ் டூ கைடு தேடி வந்தார். புத்தகம் மேஜைமேல் கடைசித் தாள் தெரியத் திறந்து கிடந்தது. நான் கைடை எடுத்துக்கொண்டு திரும்பினால், அவர் அதையே பார்த்தபடி நிற்கிறார்.

“ஏனுங்க பாய், இது எங்கூட்டுக்காரரு கையெழுத்துங்க.”

ஆங்கிலக் கையெழுத்துகளுக்கு நடுவே தமிழில் ஒன்று: மா. அந்தோணி. எல்லையில் பனிச்சரிவில் இறந்து பதினான்கு வருடம். ஏற்காட்டைப் பற்றிச் சொல்லிச் சொல்லிக் கர்னலை இங்கே வீடு வாங்க வைத்ததே அவர்தானாம்.

“பொட்டி வந்துச்சுங்க, துணிமணி வந்துச்சுங்க. லெட்டரெல்லாம் ஊடு ஒழுகி நனைஞ்சு போச்சு. அவரு கைப்பட எழுதுனது ஒண்ணுகூட எங்கிட்ட இல்லீங்க. இந்தத் தாளை மட்டும் குடுப்பீங்களா?”

“இன்னொருத்தருக்குப் பேசியாச்சும்மா. அவர்கிட்ட கேட்டுச் சொல்றேன். அடுத்த வாரம் வாங்க.”

அந்தப் பெயரை விரலால் ஒருமுறை தடவிவிட்டு பஸ்ஸுக்குப் போனார்.

சனிக்கிழமை பெங்களூர்க்காரர் வந்தார், வாங்கினார், போனார். கேட்க மறந்துவிட்டேன் என்று எழுதினால் அது பொய். கேட்டால் வியாபாரம் நின்றுவிடுமோ என்று வாயை மூடிக்கொண்டேன்.

அடுத்த வாரம் ஸ்டெல்லா மகளையும் கூட்டி வந்தார். அவர் முன்னாலேயே பெங்களூர்க்காரருக்குப் போன் போட்டேன்.

“அந்தத் தாளா? பைண்டர் எடுத்துட்டுப் புதுசு போட்டுட்டாரே. பழசு குப்பையில போயிருக்கும். நீங்கதானே கிறுக்கல்னு சொன்னீங்க?”

ஜெனரலின் கையெழுத்தை ஆறு படம் எடுத்திருந்தேன். கடைசித் தாளை ஒன்றுகூட எடுக்கவில்லை.

ஸ்டெல்லா அழவில்லை. “அப்பா அந்த ‘ணி’யை நொம்ப மேல சுழிச்சிருந்தாரு கண்ணு” என்று மகளிடம் சொல்லிக்கொண்டே, என் பேனாவை எடுத்து ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் காட்டினார். மறுபடியும் எழுதினார். “இப்படி இல்ல” என்று பேனாவை வைத்துவிட்டார்.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். ஒரு புத்தகத்தில் எத்தனை பெயர் இருந்தாலும் அத்தனையையும் படியுங்கள். யாராவது ஒரு பெயரைத் தொட்டு, இது எங்களுடையது என்றால், வாங்குகிறவரிடம் அன்றைக்கே பேசுங்கள்.

ஸ்டெல்லா அதன்பிறகு என் கடைக்கு வரவில்லை. மகளுக்கு வேண்டிய புத்தகங்களை, ஏற்காடு ஊருக்குள் வராமலே குப்பனூர் வழியாக மலையிறங்கிச் சேலம் போய் வாங்குகிறாராம்.