சதுக்கத்து வாசலில் சாப்பாடு

யூடோசியா வமானி பாதி ஆயுளை பெரு நாட்டுத் தலைநகர் லிமாவின் நடுநகரில் கழித்தவள். விடியுமுன் வந்து அலுவலகத் தரைகளைத் துடைத்துவிட்டு, கடைகள் திறக்கும் நேரத்தில் மலைச்சரிவு வீட்டுக்குத் திரும்பிவிடுவாள். பெரிய சதுக்கத்தைக் கடந்திருக்கிறாளே தவிர, அங்கே உட்கார்ந்ததில்லை. வேலையை விட்ட மறு ஞாயிறே தன் தெருப் பெண்கள் நால்வரைக் கிளப்பினாள். "நம்ம ஊரை நாமளே பார்க்கலேன்னா எப்படி?"

மலைநாட்டுப் பெண் வெறுங்கையோடு வெளியே கிளம்பினால் வீட்டில் பஞ்சம் என்று ஊர் பேசும். ஐவரும் ஆளுக்கொரு மூட்டையை முதுகில் கட்டி வந்தார்கள். அவித்த உருளை, வறுத்த சோளம், பாலாடைக்கட்டி. ஒருவர் கொண்டுவந்ததே ஐவருக்குப் போதும்.

சதுக்கத்து வாசலில், இரும்புத் தடுப்பருகே நின்ற காவலன் கையைக் குறுக்கே நீட்டினான்.

"உள்ளே வியாபாரம் கூடாதும்மா. திரும்பிப் போங்க."

"நாங்க சுத்திப் பார்க்க வந்திருக்கோம், தம்பி."

"எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க. அப்புறம் மூட்டையை விரிச்சிடறாங்க."

"வா அக்கா, டிவியில பார்த்துக்கலாம்," என்றாள் நால்வரில் ஒருத்தியான செனோவியா. அவள் ஏற்கெனவே பாதி திரும்பியிருந்தாள்.

இன்று திரும்பினால் இவர்கள் இனி வரவே மாட்டார்கள். யூடோசியா நடைபாதையிலேயே மூட்டையை இறக்கினாள்.

"உக்காருங்கடி. சாப்பாடு இருந்தாத்தானே விக்கிறதுக்கு? இங்கேயே காலி பண்ணுவோம்."

"அஞ்சு மூட்டையையுமா? வயிறா, கோணிப்பையா?"

"சதுக்கம் பார்க்கணுமா வேண்டாமா? மெல்லு."

மென்றார்கள். மூன்றாவது மூட்டையில் பேச்சு நின்றது. நான்காவதில் செனோவியா இடுப்புக் கயிற்றைத் தளர்த்தினாள். அப்போது வெள்ளைக்காரத் தம்பதி ஒன்று குனிந்து, உருளையைக் காட்டிப் பணத்தை நீட்டியது. காவலன் நிமிர்ந்தான்.

யூடோசியா பணத்தைத் தள்ளிவிட்டு, இருவர் கையிலும் உருளையும் பாலாடைக்கட்டியுமாக நிறைத்தாள். "காசெல்லாம் வேண்டாம், சாப்பிடுங்க." வழியில் போனவர்களையும் கூப்பிட்டாள். கடைசி உருளையைக் காவலனிடமே நீட்டினாள்.

"கடமையில இருக்கேம்மா."

"நானும்தான்."

அவன் சுற்றுமுற்றும் பார்த்தான். உருளையை வாங்கிக்கொண்டு தடுப்பை நகர்த்தினான்.

தேவாலயத்துக்கு எதிரே இருந்த நீள பெஞ்சில் ஐவரும் நெருக்கி உட்கார்ந்தார்கள். மணி அடித்தது, புறாக்கள் எழுந்து மறுபடி அமர்ந்தன. முதலில் எழுந்தவள் செனோவியா. மரப் பலகணி வைத்த பழைய மாளிகையைப் பார்த்தபடி கேட்டாள்.

"அதுக்குள்ளே நம்மளை விடுவாங்களா?"

"போய்க் கேப்போம்," என்றாள் யூடோசியா.