நூற்றெண்பது வோல்ட்டில் வெந்த சோறு

தணிகாசலம் படித்தது மூன்றாம் வகுப்பு. அதை அவர் யாரிடமும் மறைத்ததில்லை. மறைத்துவிட்டால் அப்புறம் பெருமை எங்கிருந்து வரும்? கருட சேவைக்குத் தலையில் காஸ் லைட் சுமந்த மனுஷன், பிற்பாடு பெரிய காஞ்சிபுரத்தில் எத்தனையோ வீட்டுக்குக் கரண்டு இழுத்தார். வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் ஓம், இரண்டையும் பெருக்கினால் வாட் என்று எவனும் அவரை உட்காரவைத்துச் சொல்லித் தரவில்லை. மூர் மார்க்கெட்டில் பழைய மீட்டர் இரண்டு வாங்கிவந்து, பல்பு பல்பாக மாட்டிப் பார்த்துத் தானே பிடித்தார்.

சம்சாரம் போய் ஆறு வருஷம். ஒரே மகள் கல்யாணமாகி வடக்கே பிலாயில். பிள்ளையார்பாளையத்தில் ஒரு அறை, ரெண்டு வேளையும் மெஸ்ஸில் சாப்பாடு. ஜனங்கள் அவரிடம் பேசுவதெல்லாம் விளக்கு அணைந்தால்தான். விளக்கு எரிந்ததும் விளக்கைப் பார்ப்பார்கள், அவரைப் பார்க்க மாட்டார்கள்.

ஒரே ஒரு வீடு அப்படியில்லை. மாகறலில் ஜினதாஸ் நயினார் வீடு. ஜைனர்கள், பொழுது சாய்ந்தபின் வாயில் ஒரு பருக்கை வைக்கமாட்டார்கள். ஒயரிங் செய்த நாளில், பொழுது இருக்கும்போதே நயினார் அவரையும் பக்கத்தில் உட்கார வைத்து இலை போட்டார். அதிலிருந்து மாசம் ஒருதரம் சுவிட்சை முடுக்குகிற சாக்கில் சைக்கிளை மிதிப்பார். நயினார் சம்சாரம் குணமாலா சிரிப்பாள். "சுவிட்செல்லாம் நல்லாத்தான் இருக்குது அண்ணே. சாப்பிட்டுப் போங்க."

எழுபத்துநாலு பங்குனியில் அடுப்பெரிக்கக் கிருஷ்ணாயில் கிடைக்காமல் ஊரே டின்னோடு கியூவில் நின்றது. தணிகாசலம் அந்த வீட்டுக்கு ஆயிரம் வாட் கம்பிச் சுருள் போட்டு ஒரு கரண்டு அடுப்பு செய்து கொடுத்தார். பத்தாம் நாள் நயினாரே மெஸ் வாசலில் வந்து நின்றார்.

"மேஸ்திரி, நாலு நாளா ராத்திரி பட்டினிப்பா."

"ஏன் நயினாரே, விரதமா?"

"உன் அடுப்பு வைக்கிற விரதம். கழனியிலேர்ந்து நாங்க வர்றதுக்கே அஞ்சாவுது. உலை வச்சா பொழுது சாயறவரைக்கும் சோறு நறுக்கரிசியா கீது. மூணாங் கிளாஸ் படிச்சவன் கையில அடுப்பைக் குடுத்தது என் தப்பு. நாளைக்கு வந்து கழட்டி எடுத்துக்கினு போயிடு."

சுற்றி நாலு பேர் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவமானம் கிடக்கட்டும். அடுப்பைக் கழற்றி எடுத்துக்கொண்டு வந்துவிட்டால் அந்த வீட்டுக்கு இனி எந்த முகத்தோடு போவது?

மறுநாள் மாலை ஐந்துக்கு மீட்டர் இரண்டையும் துணியில் சுற்றிக்கொண்டு போனார். அடுப்பைப் போட்டார். வோல்ட் மீட்டர் நூற்றெண்பது காட்டியது. ஆம்பியர் மூன்று புள்ளி நாலு. தரையில் சாக்பீஸால் வகுத்தார். ஐம்பத்துமூன்று ஓம்.

"மாட்டின அன்னிக்கி இருநூத்திமுப்பது வோல்ட். அப்பவும் இதே அம்பத்துமூணுதான். கம்பி மேல குத்தமில்ல நயினாரே. இப்ப பெருக்கிப் பாருங்க, அறுநூத்திப் பன்னெண்டு வாட். ஆயிரம் வாட்ல வேவற சோத்தை இதுல வேவ வச்சா எப்படி வேவும்?"

"காலையில சீக்கிரமா வெந்துடுது அண்ணே," என்றாள் குணமாலா.

"சாயங்காலம் அத்தனை கழனியிலயும் மோட்டார் ஓடுது இல்லம்மா. வோல்ட் படுத்துடுது. அதுல நயினார் மோட்டாரும் ஒண்ணு. தன் சோத்தைத் தானே இழுத்துக்கினு கீறாரு."

குணமாலா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். நயினார் மீசையைத் தடவினார்.

கணக்கு வந்துவிட்ட மனுஷனுக்கு வேலை எம்மாத்திரம்? சுருளை ஐந்து பங்காக்கி, மூன்றாம் பங்கு முடியுமிடத்தில் ஒரு ஒயரைப் பிரித்து, ரெண்டு பக்கம் தள்ளுகிற சுவிட்ச் ஒன்று வைத்தார். ஒரு பக்கம் தள்ளினால் முழுச் சுருள், மறுபக்கம் தள்ளினால் மூன்று பங்கு மட்டும். சுருள் குறைந்தால் ஓம் குறையும், ஓம் குறைந்தால் ஆம்பியர் ஏறும். ஏறியது. ஐந்தரை. பெருக்கினால் ஆயிரத்துக்குப் பத்துதான் குறைச்சல். உலை தளதளவென்று கொதித்தது. வெயில் கூரை ஓட்டில் இருக்கும்போதே மூன்று பேரும் சாப்பிட்டு முடித்தார்கள்.

"ஒண்ணு சொல்லிடறேன்," என்றார் தணிகாசலம் கை கழுவிக்கொண்டே. "வோல்ட் நிறைய இருக்கும்போது இந்தச் சின்னச் சுருள் பக்கம் தள்ளினா ஏழு ஆம்பியர் பாயும். ஆயிரத்தறுநூறு வாட்டைத் தாண்டும். சுருள் அறுந்துடும். மழை பேஞ்சு மோட்டார் ஓடலைன்னா சாயங்காலமும் அதே கதிதான்."

"அது எங்களுக்கு எப்படிப்பா தெரியும்? வாரம் ஒருதரம் நீயே வந்து பார்த்துட்டு, இங்கயே சாப்பிட்டுக்கினு போயேன்."

இதைவிட ஒரு மனுஷனுக்கு என்ன வேண்டும்? சரி என்று ஒரு வார்த்தை போதும். ஆனால் மெஸ் வாசலில் கேட்ட அந்த மூணாங் கிளாஸ் இன்னும் அவர் காதில் இருந்தது.

"தணிகாசலம் செஞ்ச அடுப்புக்குத் தணிகாசலம் காவல் நிக்கணுமா? நல்லாயிருக்குது."

தன் வோல்ட் மீட்டரையே அடுப்புக்கு மேலே சுவரில் அறைந்தார். இருநூறுக்குக் கோடு கிழித்தார். ஊசி கோட்டுக்குக் கீழே என்றால் சின்னச் சுருள், மேலே என்றால் முழுச் சுருள். குணமாலா ரெண்டே தடவையில் பிடித்துக்கொண்டாள். நயினார் தெருமுனை வரைக்கும் கூடவே வந்து வழியனுப்பினார். அன்றைக்குச் சைக்கிள் காற்றாய்ப் பறந்தது.

சித்திரை போயிற்று, வைகாசி போயிற்று. மாகறலிலிருந்து கூப்பிட ஆள் வரவில்லை. ஆனியில் சந்தைக்கு வந்த அந்த ஊர்க்காரன் ஒருவன் சொன்னான், "நயினார் வூட்டு அடுப்பு ஜோரா எரியுதாம். உன்னைத்தான் புகழ்றாங்க." தணிகாசலம் அதை மெஸ்ஸில் இருந்த அத்தனை பேரிடமும் சொன்னார். எல்லாரும் தலையாட்டிவிட்டு இலையைப் பார்த்துக் குனிந்துகொண்டார்கள்.

ஆடியில் ஒருநாள் மாலை சைக்கிளை எடுத்தார். மாகறல் வழியில் ஆற்றங்கரை வரைக்கும் போனார். போய் என்னவென்று சொல்வது? பார்க்க வேண்டியதைச் சுவரிலிருக்கும் மீட்டரே பார்த்துக்கொள்கிறது. சோற்றுக்கு வந்தான் என்று ஒரு சொல் வந்துவிடக் கூடாது. ஒரு காலை ஊன்றிச் சிறிது நேரம் நின்றார். அக்கரையில் மோட்டார்கள் ஓடும் சத்தம் கேட்டது. இந்நேரம் நூற்றெண்பதுதான் இருக்கும், சின்னச் சுருள், ஐந்தரை ஆம்பியர் என்று மனசுக்குள் பெருக்கிக்கொண்டு, சைக்கிளைத் திருப்பினார்.