நடுவில் கீச்சிட்ட கிளாரினெட்

தொண்ணூறுகளின் தொடக்கம். ஆரியங்கோட்டில் எங்கள் வீட்டுக்கு அடுத்த வீட்டில் புதிதாக ஒரு குடும்பம் வாடகைக்கு வந்தது. நான் அப்போது அரசு வேலைக்கான பி.எஸ்.சி. பரீட்சைக்கு மும்முரமாகப் படித்துக்கொண்டிருந்தேன். தினமும் சாயங்காலம் நாலு மணிக்கு அந்த வீட்டில் கிளாரினெட் சத்தம் தொடங்கும். பாட்டு ஒன்றும் கிடையாது. ச ரி க ம என்று ஸ்வரம் படிப்படியாக ஏறும், நடுவில் ஒரே இடத்தில் கீச்சென்று கத்தும், மறுபடி முதலிலிருந்து தொடங்கும். நான் மனப்பாடம் செய்த வருஷங்களும் நதிகளும் அந்தக் கீச்சில் காற்றோடு போயின.

எனக்கு எப்போதும் மூக்குக்கு மேல் கோபம் வரும். மூன்றாவது வாரம் நேரே போய்விட்டேன். முற்றத்தில் ரப்பர் ஷீட் காயப்போட்டுக்கொண்டிருந்த அந்த வீட்டு அக்காவிடம், "படிக்கத் தொடங்குறவியளுக்கு ஒரு ஆசான் வேண்டாமா அக்கா? இத்தர நாளா ஒரே இடத்துல தட்டுது" என்றேன்.

"அவிய பதினாறு வருசமா பேண்ட் செட்டுல முதல் கிளாரினெட்டாக்கும்" என்றார் அக்கா, என் முகத்தைப் பார்க்காமல்.

உள்ளேயிருந்து அவர் கணவர் வந்தார். வலது கையில் மோதிர விரல் பாதிதான் இருந்தது. ரப்பர் ஷீட் அடிக்கும் மெஷினில் நசுங்கிப் போனதாம். எனக்கு அப்படியே பூமிக்குள் போய்விடலாம் போலிருந்தது.

அவர் கோபிக்கவில்லை. கிளாரினெட்டைப் பிடித்துக் காட்டினார். "மோதிர வெரலு மூடுன துளைய இனி சுண்டுவெரலு மூடணும். சுண்டுவெரலுக்க வேலைய இடங்கை பாக்கணும். திருவிழாவுக்குள்ள பழகல்லேன்னா எனக்க இடத்துல வேற ஆளப் போட்டுருவாவ." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "கீச்சு எனக்கும் கேக்கும். ஆனா சுரமெல்லாம் ஒரே சமமா வருதான்னு தள்ளி நிக்கிறவியளுக்குத்தான் தெரியும். நீ கேட்டுச் சொல்லு மக்கா."

சண்டைக்குப் போன எனக்கு வேலை கிடைத்தது. அன்று முதல் நாலு மணிக்குப் புத்தகத்தை மூடிவிட்டு வேலியோரம் நின்று கேட்டேன். கீச்சு வந்தால் வேகத்தைக் குறைத்து, ஒரு ஸ்வரத்துக்கு ஒரு மூச்சு என்று எறும்பு போல ஊர்வார். சுத்தமாக வந்தால் ஒரு துளி வேகம் கூட்டுவார். மாதக்கணக்கில் அதே ஏற்றம், அதே இறக்கம். ஒருநாள்கூட அலுத்துக்கொள்ளவில்லை. இப்படியும் ஒரு மனுஷனா என்று பிரமித்து நிற்பேன்.

திருவிழா ஊர்வலம் எங்கள் முக்கு வழியாக வந்தது. அவர் முதல் வரிசையில் நடந்தார். பாட்டின் நடுவே கிளாரினெட் மட்டும் விறுவிறுவென்று மேலே ஏறி, அதே வேகத்தில் இறங்கும் இடம் ஒன்று உண்டு. நான் அக்காவின் கையை இறுகப் பிடித்துக்கொண்டேன். அந்த இடம் வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை. தண்ணீர் ஓடியது போல இருந்தது. சுற்றி நின்றவர்கள் கடலை கொறித்துக்கொண்டு சப்பரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் இரண்டு பேருக்கு மட்டும் கண்ணில் நீர் நிற்கவில்லை.

பிறகு எனக்கு அரசு வேலையும் கிடைத்தது. என் மேசைக்கு முன்னால் யாராவது தடுமாறி நின்றால், இவருக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்ல இன்றும் வாய் வருகிறது. நன்றாகத் தெரிந்த எதை இழந்துவிட்டு, எதை முதலிலிருந்து படித்துக்கொண்டிருக்கிறாரோ என்ற எண்ணம் மரியாதையோடு வந்து உடனே அந்த வாயை மூடிவிடுகிறது.