மென்று தின்ற களி

தொண்ணூறுகளின் தொடக்கம், மே மாத விடுமுறை. ஏற்காட்டில் புதிதாகத் திறந்திருந்த ஒரு பொழுதுபோக்குப் பூங்காவுக்கு எங்கள் பள்ளி ஆசிரியைகள் ஐந்து பேர் சுற்றுலா போயிருந்தோம். அங்கே மதியம் உட்கார்ந்து சாப்பிட்ட ஒரு மணி நேரத்தைப் பற்றித்தான் எழுதப் போகிறேன்.

எனக்குச் சொந்த ஊர் செம்மநத்தம். ஏற்காட்டு மலையிலேயே உள்ள ஊர். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்தான். அப்பா நான் சிறுமியாக இருந்தபோதே இறந்துவிட்டார். அம்மா எஸ்டேட்டில் காபிப் பழம் பறித்தாள். மற்ற நாட்களில் எங்கள் துண்டு நிலத்தில் ராகி விதைத்தாள். நான் விடுதியில் தங்கிப் படித்து, பயிற்சி முடித்து, கும்பகோணம் பக்கம் ஒரு தனியார் பள்ளியில் ஆசிரியை ஆனேன். அதில் எனக்குப் பெருமை உண்டு. இன்றைக்கும் உண்டு, மறைக்கவில்லை.

ஆனால் எங்கிருந்து வந்தேன் என்பதை மட்டும் மறைத்தேன். வேலையில் சேர்ந்த அன்று, ஆசிரியர் அறையில் கணக்கு டீச்சர் தன் வீட்டு வேலைக்காரியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். "ஒண்ணும் தெரியல, காட்டுவாசி மாதிரி முழிக்குது" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். சிரித்து முடித்து என் பக்கம் திரும்பி, "உனக்கு எந்த ஊரும்மா?" என்றார். "சேலம்" என்றேன். "அப்பா?" என்றார். "எஸ்டேட்ல ரைட்டரா இருந்தாரு" என்றேன். இரண்டும் ஒரே மூச்சில் வந்துவிட்டன. பிறகு அதையே காப்பாற்ற வேண்டியதாயிற்று.

அடுத்த ஆண்டு விடுமுறைக்கு ஏற்காடு போகலாம் என்று அவர்களே முடிவு செய்தார்கள். "உங்க ஊர்ப் பக்கந்தானே, நீதான் எங்களுக்கு கைடு" என்றார் கணக்கு டீச்சர். வேண்டாம் என்று சொல்ல ஒரு காரணமும் தோன்றவில்லை. பூங்கா ஒரு பக்கம், எங்கள் ஊர் ஒரு பக்கம். சந்தைக்கு அல்லாமல் அம்மா டவுனுக்கு வரமாட்டாள். ஒன்றும் ஆகாது என்று நினைத்துக்கொண்டேன்.

பூங்காவில் காலையெல்லாம் ராட்டினம் சுற்றினோம், சிமெண்ட் யானையின் தும்பிக்கை வழியாகச் சறுக்கினோம். பசி எடுத்ததும் அங்கேயே இருந்த சாப்பாட்டுக் கடைக்குப் போனோம். அதை ஒரு மலைக்கிராமம் மாதிரி கட்டியிருந்தார்கள். மூங்கில் குடிசைகள், சிமெண்ட் மரங்கள், குழாய்த் தண்ணீரில் ஒரு அருவி. பரிமாறுகிற ஆட்கள் முகத்தில் கரி பூசி, தலையில் இறகு செருகி, இலை மாதிரி வெட்டிய பச்சைத் துணியை இடுப்பில் கட்டியிருந்தார்கள். யாராவது உள்ளே நுழைந்தால் ஈட்டியைத் தூக்கிக்கொண்டு "ஹூ ஹா" என்று கத்த வேண்டும். எங்கள் மலையில் யாரும் இறகு செருகிக்கொண்டதை நான் பார்த்ததில்லை. எங்கள் ஆண்கள் வேட்டி சட்டை போட்டு, தலையில் துண்டு கட்டி, பஸ்ஸில் சேலம் போய் வருகிறவர்கள். அது வாய் வரை வந்தது. நான்தான் சேலத்துக்காரி ஆயிற்றே. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

எங்கள் மேசைக்கு எதிரே நிஜமாகவே மூன்று கல் அடுப்பு. அதில் நிஜமாகவே களி வெந்துகொண்டிருந்தது. ஒரு பெண் முதுகைக் காட்டிக்கொண்டு, துடுப்பை இரண்டு கையாலும் பிடித்துக் கிண்டிக்கொண்டிருந்தாள். களியைக் கிண்டும்போது பானை நகராமலிருக்க ஒரு கவட்டைக் குச்சியை முட்டுக் கொடுத்து, அதை ஒரு காலால் அழுத்திக்கொள்வார்கள். அந்தப் பெண் இடது காலைக் கொடுத்திருந்தாள். எல்லோரும் வலது காலைத்தான் கொடுப்பார்கள். வலது முழங்காலில் அடிபட்டு மடக்க முடியாமல் போனவள் எனக்குத் தெரிந்து ஒருத்திதான்.

அவள் திரும்பினாள். கன்னத்தில் இரண்டு வெள்ளைக் கோடு. கழுத்தில் கலர் மணி. தலையில் கோழி இறகு. என் அம்மா.

காபிப் பறிப்பு முடிந்து மழை வருகிற வரைக்கும் மலையில் பெண்களுக்கு வேலை இருக்காது. அந்த மாதங்களுக்குப் பூங்காவில் ஆள் எடுத்திருக்கிறார்கள். எனக்குத் தெரியாது. அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் போடுகிற கடிதங்களை மளிகைக் கடைக்காரர் படித்துக் காட்டுவார். அவ்வளவுதான் எங்கள் தொடர்பு.

என்னைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது. துடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஒரு அடி எடுத்து வைத்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். மறுபடி நிமிர்ந்தபோது அவள் அடுப்பின் பக்கம் திரும்பி, காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

"இவங்கல்லாம் நிஜமான மலை ஆளுங்களா? பச்சைக் கறி திம்பாங்களாமே!" என்று பக்கத்து நாற்காலியிலிருந்து ஒருவர் கேட்டார். கணக்கு டீச்சர் என்னைப் பார்த்தார். "நம்ம கைடைக் கேளு. என்னம்மா, அப்படியா?"

"தெரியல டீச்சர். கேள்விப்பட்டிருக்கேன்" என்றேன்.

அம்மாவுக்கு அது கேட்டிருக்கும். ஆறேழு அடி தூரம்தான்.

களி வந்தது. தேக்கு இலையில் உருண்டை, நடுவில் கட்டை விரலால் அழுத்திய குழி, அதில் மொச்சைக் குழம்பு. களியை மெல்லக் கூடாது. கையை நனைத்துக் கிள்ளி, குழம்பில் தோய்த்து, பல்லில் படாமல் விழுங்கிவிட வேண்டும். மென்றால் பசை மாதிரி வாயெல்லாம் ஒட்டிக்கொள்ளும். மூன்று வயதில் அம்மா தன் விரலாலேயே என் நாக்கின் பின்பக்கம் வைத்துப் பழக்கியது அது. எங்கள் மலையில் களியை மென்று தின்கிற ஆளைப் பார்த்தாலே வெளியூர் என்று தெரிந்துவிடும்.

மற்ற நான்கு பேரும் மென்றார்கள். "ஐயோ, பல்லைப் பேத்துடும் போல இருக்கே" என்று சிரித்தார்கள். நான் ஒரு துண்டைக் கிள்ளினேன். அம்மா பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் மென்றேன். மென்றதோடு விடாமல், முகத்தைச் சுளித்து, "எப்படித்தான் இதைத் திங்கிறாங்களோ" என்றும் சொன்னேன்.

அம்மா எழுந்து வந்தாள். நொண்டி நொண்டி மேசைக்குப் பக்கத்தில் நின்றாள். எல்லாவற்றையும் சொல்லிவிடப் போகிறாள் என்று நினைத்தேன்.

"ஏனுங்க, மெல்லக் கூடாதுங்க" என்றாள், எங்கள் ஐந்து பேருக்கும் பொதுவாக. "பல்லுல படாம முழுங்கோணுங்க. புதுசா திங்கறவீங்களுக்கு அப்படித்தானுங்க இருக்கும்."

கணக்கு டீச்சருக்கு அவளோடு பேச்சுக் கொடுக்க ஆசை வந்துவிட்டது. "உனக்குப் பிள்ளைங்க இருக்கா?" என்றார்.

"ஒரே ஒரு பொண்ணுங்க."

"அதுவும் இங்கதான் இப்படி வேஷம் கட்டுதா?"

"இல்லீங்க. நொம்ப படிச்சிருக்குதுங்க. டீச்சருங்க."

மேசையில் பெரிய சிரிப்பு. "பாத்தியா, நம்ம ஜாதிதான்!" என்றார் ஒருவர். "எந்த ஊர்ல டீச்சர்?" என்று கணக்கு டீச்சர் விடாமல் கேட்டார்.

ஒவ்வொரு கடிதத்தின் தலைப்பிலும் அந்த ஊர்ப் பெயரை நான் எழுதுவேன். மளிகைக் கடைக்காரர் ஒவ்வொரு முறையும் அதைத்தான் முதலில் படிப்பார். அம்மா என்னைப் பார்க்கவே இல்லை. கணக்கு டீச்சரின் முகத்தை மட்டும் பார்த்து, "தூரமுங்க. ஊர்ப் பேரு வாயில வர மாட்டீங்குதுங்க" என்றாள்.

"பாவம், பெத்த பொண்ணு இருக்கிற ஊரே தெரியலை. நம்மகிட்டயே கதை விடுது பாரு" என்றார் கணக்கு டீச்சர், அவள் நகர்வதற்கு முன்பே.

அந்த நேரத்தில் நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். 'அது நான்தான்' என்று இரண்டு சொல். என் அம்மா பொய்க்காரி ஆகாமல் இருந்திருப்பாள். நான் தண்ணீர் டம்ளரை எடுத்துக் குடித்தேன்.

கை கழுவ அவள்தான் செம்பில் தண்ணீர் ஊற்றினாள். எல்லோருக்கும் ஊற்றினது போலவே எனக்கும் ஊற்றினாள். என் விரலிடுக்கில் களி காய்ந்து ஒட்டியிருந்தது. அது போகிற வரை ஊற்றிக்கொண்டு நின்றாள்.

மறுநாள் அவர்களை ரயிலேற்றிவிட்டு, சேலத்தில் வீட்டுக்குப் போகிறேன் என்று சொல்லி, மலைக்கு ஏறினேன். ஜீப் பிடித்துச் செம்மநத்தம் போனேன். அம்மா வீட்டில்தான் இருந்தாள்.

"வேலைக்குப் போகலியாம்மா?"

"அங்க இனிப் போவலை கண்ணு. உங்கூர்க்காரவீங்க மறுக்கா யாராச்சும் வந்துட்டா?"

எனக்காக வேலையை விட்டிருக்கிறாள். காலில் விழுந்து அழுதேன். தூக்கி நிறுத்தினாள். "எதுக்கு சாமி அழுவற? வா, சோறு உங்கலாம்" என்று சாப்பிடக் கூப்பிட்டாள்.

எங்கள் வீட்டில் அரிசிச் சோறு பண்டிகைக்கும் விருந்தாளிக்கும் மட்டும்தான். அன்று பண்டிகை இல்லை. வாழை இலை போட்டு, அதில் சோறு வைத்தாள். அடுப்பில் பக்கத்திலேயே களிப்பானை இருந்தது. தனக்கு ஒரு உருண்டையைத் தட்டில் எடுத்துக்கொண்டு தள்ளி உட்கார்ந்தாள்.

"எனக்கும் களி போடும்மா."

"உனக்கு ஒத்துக்காது கண்ணு. நேத்து நாந்தான் பாத்தனே, மென்னு மென்னு தின்ன."

குத்திக்காட்டிச் சொல்லவில்லை. நிஜமாகவே அப்படி நம்புகிறவள் மாதிரிச் சொன்னாள். அவள் தட்டில் கை வைக்கப் போனேன். தட்டை மெதுவாக நகர்த்திக்கொண்டாள்.

பள்ளி திறந்த அன்றே ஆசிரியர் அறையில் எல்லோர் முன்னாலும் உண்மையைச் சொல்லிவிட்டேன். கணக்கு டீச்சர் அழுதார். அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டுக் கடிதம் எழுதித் தந்தார். அதையும் மளிகைக் கடைக்காரர் படித்துக் காட்டினார். அம்மா கேட்டுவிட்டு, "நல்லவீங்க" என்றாளாம். அவ்வளவுதான்.

அம்மா நன்றாக இருக்கிறாள். போன பொங்கலுக்கும் போயிருந்தேன். பொங்கல் முடிந்து மூன்று நாள் ஆனபிறகும் எனக்கு மட்டும் இலை போட்டு அரிசிச் சோறுதான். கோபம் என்றால் ஒருநாள் தணியும், திட்டினால் வாங்கிக்கொள்ளலாம். ஆனால் நான் பிறந்த வீட்டில் என்னை மரியாதையாக விருந்தாளி ஆக்கி வைத்திருக்கிறாளே, அதிலிருந்து மறுபடி மகளாகிற வழியை மட்டும் நான் படித்த எந்தப் படிப்பும் எனக்குச் சொல்லித் தரவில்லை.